உள்திட்டுக்குப் பெயர் விட்ட நாள்

எனக்கு விடை இருபத்தெட்டரை ஆண்டு என்று வந்தது. வரவேண்டிய விடை நூற்று நான்கு நாள்.

நான்கு முறை போட்டுப் பார்த்தேன். முதல் முறை, தொலைவில் ஒரு சுழியைக் கூடுதலாக எழுதிவிட்டேனோ என்று தேடினேன். இரண்டாம் முறை, வாய்ப்பாட்டை வகுப்புக் குறிப்பிலிருந்து எழுத்து எழுத்தாக மறுபடி எடுத்தெழுதினேன். மூன்றாம் முறை பென்சிலை மாற்றினேன். அதனால் என்ன ஆகும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான்காம் முறையும் இருபத்தெட்டரை. பள்ளியில் கணக்கில் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தவள் நான். பகலில் நீர்ப் பிரிவில் வடிகட்டித் துணி அலசுகிறேன். மாலை ஆறிலிருந்து எட்டு வரை ஜெபராணி டீச்சரின் வானியல் வகுப்பு. ஊரே அறிந்த ஒரு விடைக்கு எதிரில் என் விடை நின்றால் தவறு யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அந்த நூற்று நான்கு நாளைத் தெரியாதவர் வெளிக்கரையில் கிடையாது. எங்கள் குடியிருப்பு விண்வெளியில் சுழலும் ஒரு வளையம். நாலாயிரம் பேர் இருக்கிறோம். இங்கிருந்து வானொலி போய்ச்சேர ஏழு மாதம் ஆகும் தொலைவில் ஒரு கரிய வாயுக் கட்டி இருக்கிறது. கட்டிக்குள்ளே ஒரு பனிக்கோள். பனி வெட்டப் போனவர்கள் அங்கே அமைத்துக்கொண்ட குடியிருப்புதான் உள்திட்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். கட்டிக்குள் தூசி அப்படிக் கவிந்திருப்பதால் உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாது. வெளியே என்ன நடக்கிறது என்று நாங்கள்தான் பார்த்துச் சொல்வோம்.

எப்போதோ வெடித்த ஒரு நட்சத்திரத்தின் அலை, வழியில் இருக்கும் வாயுவை எல்லாம் அள்ளிக் குவித்துத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அந்த அலைமுகத்தில் சிக்கிச் சுழலும் துகள்கள் சுவரையும் தோலையும் துளைத்துப் போகக்கூடியவை. நாங்கள் ஓரத்தில் இருப்பதால் எங்களைத் தொட இன்னும் நூற்றெண்பது ஆண்டு ஆகும். உள்திட்டு இருந்த கட்டியை அது பதினோரு ஆண்டுகளுக்கு முன், எல்லோரும் எதிர்பார்த்ததற்கு வெகு முன்னதாகவே, தொட்டுவிட்டது. தொட்டதும் கட்டியின் மேல்தோல் வானொலியில் கொதித்தது. அந்த இரைச்சலில் எங்கள் குரல் அவர்களுக்கும், அவர்கள் குரல் எங்களுக்கும் கேட்காமல் போயிற்று. மேல்தோலிலிருந்து உள்திட்டு வரை தொள்ளாயிரம் கோடி கிலோமீட்டர். அலையின் வேகம் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர். கணிப்பகம் அட்டவணை போட்டு ஒட்டியது: நூற்று நான்கு நாள். எங்களிடம் இருந்தது ஒரே கப்பல். அது அங்கே போய்ச்சேர ஆறு ஆண்டு வேண்டும்.

நூற்று நான்காம் நாள் ஊர் வேலைக்குப் போகவில்லை. அதற்குப் பதினாறாம் நாள் பெயர் விட்டோம்.

உடல் கைக்குக் கிடைக்காத சாவுக்கு எங்களிடம் இருக்கிற சடங்கு அது. இறந்தவர் இருந்த திசையை நோக்கி வானொலி அனுப்பியைத் திருப்பி, பெயரையும் வயதையும் மூன்று முறை சொல்லி, கடைசியில் ‘போ’ என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு அந்தத் திசையில் செவி வைப்பதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தால் போனவர்கள் வழியிலேயே நின்றுவிடுவார்கள் என்பது முதலில் இங்கே வந்து குடியேறியவர்களின் நம்பிக்கை. உள்திட்டை நோக்கியிருந்த வானொலி வாங்கியை அன்று மாலையே வேறு பக்கம் திருப்பினார்கள். உள்திட்டில் இருந்த என் அண்ணன் ஐயம்பெருமாளின் பெயரை மூன்று முறை சொன்னது நான்தான். அப்போது எனக்குப் பதினோரு வயது. ‘போ’ என்று சொல்லக் குரல் வரவில்லை. அவன் மனைவி பேச்சி மதினி என் தோளைப் பிடித்துக்கொண்டு எனக்காக அதைச் சொன்னாள்.

“என்னட்டி, நோட்டையே தின்னுருவ போலுக்கு?”

மதினி சாப்பாட்டுத் தட்டை என் கணக்கின் மேலேயே வைத்தாள். அண்ணனுக்குப் பெயர் விட்டு ஆறு ஆண்டு கழித்துத்தான் அவள் சந்தனராஜ் அண்ணாச்சியைக் கட்டிக்கொண்டாள். நான்கு வயதில் பையன் இருக்கிறான். ஆனாலும் எனக்கு அவள் மதினிதான். நானும் அவர்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறேன்.

“விடை தப்பா வருது மயினி.”

“ஒனக்கு என்னைக்கு சரியா வந்துச்சு? சாப்பிடு. துணி அலசுதவளுக்கு நட்சத்திரக் கணக்கு எதுக்குன்னு கேட்டா மட்டும் மூஞ்சி தொங்கிப்போவுது.”

சந்தனராஜ் அண்ணாச்சி பையனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் கை நின்றது என்று இப்போது தோன்றுகிறது. அன்றே அதைக் கவனித்தேனா, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் வகுப்பில் கூத்தன்தான் முதலில் ஆரம்பித்தான். ரொட்டிக்கூடத்தில் வேலை, மாவு ஒட்டிய கையோடு வருவான்.

“டீச்சர், வெடிச்சது வெடிச்சிப் போச்சு. இன்னுமா அது ஓடுது? மூச்சு வாங்காதா?”

“வாங்கும்லே. அதத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன்.” ஜெபராணி டீச்சருக்கு முப்பத்திரண்டு வயது. நாற்காலியில் உட்காரவே மாட்டாள். “நீ காலி வழியில ஓடுத. ஒண்ணும் இல்ல, ஓடிருவ. எதிர்ல கூட்டம் நிக்கி. இடிச்சித் தள்ளிக்கிட்டுத்தான் போவணும். வேகம் என்ன ஆவும்?”

“கொறையும். அடியும் விழும்.”

“வெளியில வாயு லேசு. அலை பறந்து வருது. ஒரு கட்டியில வந்து முட்டுதுன்னு வையி. கட்டிக்குள்ள வாயு பத்தாயிரம் மடங்கு நெருக்கம். உள்ள போற அலை நூறுல ஒரு பங்கு வேகத்துலதான் போவும். வெளியில இருக்கது நிக்காது. கட்டியச் சுத்தி வழிஞ்சி அது பாட்டுக்குப் போயிரும். நடுவுல மாட்டுன தோல் இருக்கில்ல, அது அழுந்தி, சூடாகி, வானொலியில மின்னும். அந்த அழுந்துன வாயுக்கு இன்னொரு குணமும் உண்டு. தனக்கு ஒத்த அலைவரிசையில எது அது வழியா வந்தாலும் அதப் பெருக்கி விட்டுரும்.”

“ஒலிபெருக்கி மாதிரியா டீச்சர்?”

“அதே மாதிரிதான். பேசுதது யாருன்னு அது கேக்காது.”

நான் குனிந்து என் நோட்டைப் பார்த்தேன். நூறில் ஒரு பங்கு வேகம். அதைத்தான் நானும் போட்டிருந்தேன். அப்படியென்றால் நொடிக்குப் பத்து கிலோமீட்டர். அப்படியென்றால் இருபத்தெட்டரை ஆண்டு. கையைத் தூக்க நினைத்தேன். கூத்தன் சிரிப்பானே என்று பட்டது. வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை மேசையைத் துடைப்பதுபோல நின்றேன்.

“டீச்சர், வீட்டுக்கணக்குல எனக்கு வேற விடை வருது. எங்க தப்புன்னு மட்டும் சொன்னா திருத்திருவேன்.”

அவள் நோட்டை வாங்கி நின்றபடியே வாசித்தாள். ஒரு பக்கம்தான். ஆனால் நெடுநேரம் வாசித்தாள்.

“எந்த அடர்த்தி போட்ட?”

“கட்டிக்குள்ள இருக்க அடர்த்தி. வெளி அடர்த்தியத்தான் போடணுமோ? அட்டவணையில அப்படித்தான் இருக்கு.”

“அட்டவணையில அப்படி இருந்தா அது சரியாயிருமா?”

“கணிப்பகம் போட்டது டீச்சர். அவியளுக்குத் தெரியாதா?”

“அவியன்னு யாரும் இல்ல, சுடலி. அட்டவணை போட்டது நான். இருபத்தொரு வயசு. மேல இருந்தவருக்கு உடம்பு சரியில்ல, ‘நீ போடு’ன்னுட்டாரு. ஊரு முழுக்க வாசல்ல நின்னு அழுதுக்கிட்டு இருந்துச்சு, எத்தன நாளு, எத்தன நாளுன்னு. மொத்த வழிக்கும் வெளி அடர்த்தியையே போட்டுட்டேன்.”

கதவைச் சாத்திவிட்டு வந்தாள். நான் ஏன் அப்போது பயந்தேன் என்று தெரியவில்லை. அவள் என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தாள் என்பது மட்டும் தெரிந்தது.

“எப்ப தெரிஞ்சிச்சு?”

“பெயர் விட்டு ரெண்டு வருசத்துல. அதுக்குள்ள பொம்பளையள் வளையலக் கழத்தியாச்சு. நாலு பேரு மறுபடி கெட்டியாச்சு. ஒரு தகப்பனார் தூக்குல தொங்கியாச்சு. நான் போயி என்னன்னு சொல்லணும்? ‘தப்பாப் போட்டுட்டேன், உங்க ஆளுவ உயிரோடதான் இருக்காவ’ன்னா? என் வாயில வரல. இந்த மாலை வகுப்ப ஆரம்பிச்சேன். ஒவ்வொரு வருசமும் அதே கணக்கக் குடுத்தேன். வேற யாரு வாயிலயாவது வரட்டும்னு.”

“யாருக்கும் வரலியா?”

அலமாரியைத் திறந்து நான்கு நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். பழைய மட்டமான காகிதம். ஒவ்வொன்றிலும் அதே தொலைவு, அதே வாய்ப்பாடு. இருபத்தொன்பது ஆண்டு. இருபத்தெட்டரை. இருபத்தெட்டு ஆண்டு நான்கு மாதம். எல்லாவற்றிலும் விடையின் மேல் குறுக்குக் கோடு இழுத்து, கீழே வேறு மையில் ‘104 நாள்’ என்று எழுதியிருந்தது.

“நான் அடிக்கல. அவங்களே அடிச்சிக் குடுத்தாவ. இந்தப் பிள்ளைக்கு ஆம்பள அங்க. இவருக்கு மகன். ஊர் மன்றத்துல சொல்லலாமான்னு கேட்டேன். ‘எங்கணக்கு தப்பு டீச்சர்’னு சொல்லிட்டு வகுப்புக்கு வர்றத நிப்பாட்டிட்டாவ.”

நான்காவது நோட்டின் அட்டையைத் திருப்பினேன். விடை, இருபத்தெட்டு. தேதி ஆறு ஆண்டுகளுக்கு முந்தையது. பெயர், சந்தனராஜ்.

எழுத்தை மறுபடி பார்த்தேன். ‘ஜ்’ஐ அவர் இழுத்து எழுதும் விதம் எங்கள் வீட்டு அரிசிப் பெட்டியிலும் இருக்கிறது. அவர் மதினியைக் கட்டியது ஐந்து ஆண்டுகளுக்கு முன்.

“கப்பல் போக ஆறு வருசம்,” என்றாள் டீச்சர், சுவரைப் பார்த்து. “வர ஆறு. ஒரு நடைக்கு நூத்தறுபது பேரு ஏறலாம். இவரு எழுதுன அன்னைக்குச் சொல்லியிருந்தா ரெண்டு நடைக்கு நேரம் இருந்துச்சு. எல்லாரும் வந்திருப்பாவ. இன்னைக்கு?”

நான் கணக்குப் போட்டேன். இருபத்தெட்டரையில் பதினொன்று போனால் பதினேழரை. இரண்டாம் நடை அங்கே சேர்வதற்குப் பதினெட்டு ஆண்டு வேண்டும். பிறகு நினைவு வந்தது: அலை தொட்டதை நாங்கள் பார்த்ததே ஏழு மாதம் பிந்தி, நூற்று நான்கு நாளை எண்ணியபோது யாரும் நினைக்காதது. அதையும் கழித்தேன். பதினாறு ஆண்டு பதினோரு மாதம்.

“ஒரு நடை,” என்றேன்.

“ஒரு நடை.”

“டீச்சர், அவிய உயிரோட இருக்காவளான்னு நமக்கு எப்படித் தெரியும்? அலை போவல, சரி. வேற ஏதாவது ஆயிருந்தா?”

இதை நான் அவளுக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. கணக்கு சரியாக இருப்பது ஒன்று, ஆட்கள் இருப்பது வேறொன்று. இரண்டையும் நான் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்றுதான் பட்டது. டீச்சர் என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

“கட்டியோட தோல் மின்னுறத ஒரு சின்ன வாங்கி தொடர்ந்து பதிஞ்சிக்கிட்டே இருக்கு. அலை தொட்ட அன்னைக்குக் கணிப்பகம் வச்சது, பொறவு வகுப்புக்குன்னு சொல்லி மன்றத்துல வாங்கிக்கிட்டேன். பதினோரு வருசமும் இருக்கு. நாங்க வெளிச்ச அளவ மட்டும் எடுத்துட்டு மிச்சத்தக் கழிவுன்னு ஒதுக்கிருவோம்.”

“கழிவக் கேட்டுப் பாத்தியளா?”

“அந்தப் பக்கமா? பெயர் விட்டப்புறமா?” அவள் கைகளைக் கோர்த்துக்கொண்டாள். “கணக்குப் போடுவேன், சுடலி. கேக்க மாட்டேன்.”

அடுத்த ஒன்பது மாலைகள் பதிவறையில் இருந்தேன். ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே தொடங்கினேன். முதல் எட்டு மாதப் பதிவில் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. எண்ணெய்ச்சட்டி காய்வதுபோல ஓயாத ஒலி. ஒன்பதாம் மாதம் அது தணிந்தது. மேல்தோல் ஆறத் தொடங்கியிருக்க வேண்டும். வெளிச்ச அளவைக் கழித்து மிச்சத்தை ஒலியாக மாற்றினேன். நாள் வாரியாக ஒரு பட்டியல் போட்டு, ‘ஒன்றுமில்லை’, ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக்கொண்டே வந்தேன். கை அதே சொல்லைப் பாதி எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பெண்குரல் கேட்டது.

“வெளிக்கரை, வெளிக்கரை. உள்திட்டு பேசுதேன். கேக்குதா?”

அவ்வளவு தெளிவு. பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டதுபோல. அழுந்திய வாயு அதைப் பெருக்கி, எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து கொட்டியிருந்தது, ஆண்டுக்கணக்காக. காதிலிருந்து கருவியை எடுத்துவிட்டு நான் அறையின் மறுமூலைக்குப் போய் நின்றேன். நான் பெயர் விட்டவர்களின் குரல் அது. என் முதுகுக்குப் பின்னால் அறை காலியாக இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்ததை எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

தினமும் ஒருவர் பேசினார். முறை வைத்திருந்தார்கள். அண்ணனின் முறை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தது.

“ஏ பேச்சி, கேக்குதாட்டி? இங்க எல்லாரும் நல்லாருக்கோம். அலை எங்க வந்து நிக்குன்னு சொல்லுங்க, எங்களுக்கு ஒரு இழவும் தெரியல. சுடலி ஒழுங்கா வாய்ப்பாடு படிக்காளா? ஏழாம் வாய்ப்பாட்டுல முட்டிக்கிட்டு நிப்பா, விடாத.”

மறுபடி: “சுடலிக்கு இப்ப பதினாலு இருக்கும். தலைக்கு மேல வளந்திருப்பா. பதில் சொல்லுங்கப்பா யாராவது.”

மறுபடி: “இங்க ரெண்டு பிள்ளைய பெறந்திருக்கு. வெளிக்கரைன்னு ஒண்ணு இருக்கான்னு கேக்குதுவ. இருக்குன்னு சொல்லியிருக்கேன்.”

மறுபடி: “பேச்சி.” அவ்வளவுதான். அந்தப் பதிவில் மீதி முழுக்க அவன் மூச்சுதான் கேட்டது.

ஏழு ஆண்டு கூப்பிட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தேதியில் வழக்கமான அழைப்பு இல்லை. பல பேர் கூடி நிற்கும் சலசலப்பு. யாரோ ஒருவர் சொன்னார்: “அந்தக் கொதிப்புலயே அவியளும் போயிருக்கணும். நாம இனி இழுத்துப் பிடிச்சி வச்சிருக்கக் கூடாது.” பிறகு வாசிக்கத் தொடங்கினார்கள். வெளிக்கரையில் இருந்த ஒவ்வொரு உறவின் பெயரும் வயதும், மூன்று முறை. அறுநூற்று நாற்பது பெயர்கள். அண்ணன் வாசித்தபோது குரல் உடையவில்லை. அப்பா பெயர். சித்தி பெயர். பேச்சியம்மை, வயசு இருபத்தாறு. பிறகு என் பெயர்.

“சுடலி. வயசு பதினொண்ணு. சுடலி. வயசு பதினொண்ணு. சுடலி. வயசு பதினொண்ணு. போ.”

அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கும் வெறும் இரைச்சல். எங்களைப் போலவே அவர்களும் வாங்கியைத் திருப்பிவிட்டார்கள்.

பதினொன்றாம் வயதில் செத்துப்போன பெண்ணாக நான் வீட்டுக்கு நடந்தேன். வளையத்தில் மாலை விளக்குகள் மஞ்சளாகிவிட்டிருந்தன. எதிரே வந்தவர்கள் ‘என்ன சுடலி’ என்றார்கள். பதில் சொன்னேனா என்று நினைவில்லை.

மதினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி பையனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

“ஒனக்கு எத்தன வந்துச்சு?” என்றார்.

“இருபத்தெட்டரை.”

அவர் சட்டையின் கடைசிப் பித்தானைப் போட்டு முடித்தார். “எனக்கு இருபத்தெட்டு வந்துச்சு.”

“என்ன இருபத்தெட்டு?” என்றாள் மதினி. “ரெண்டு பேரும் என்ன பேசுதிய?”

யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். ஒழுங்காகச் சொல்ல நினைத்தேன். அடர்த்தி, வேகம், ஆண்டு என்று. மதினி கேட்டது ஒன்றே ஒன்று. “ஒங்கண்ணன் இருக்காவளா?”

“மூணு வருசத்துக்கு முன்னால இருந்தான். குரல் கேட்டேன்.”

அவள் அண்ணாச்சியின் பக்கம் திரும்பினாள். “நீரு எப்பம் போட்டீரு இந்தக் கணக்க?”

“நம்ம கல்யாணத்துக்கு முந்துன வருசம்.”

“முந்துன வருசம்.”

“நெசமா இருக்குமான்னு தெரியல பேச்சி. நான் என்ன பெரிய படிப்பாளியா? தப்பாத்தான் இருக்கும்னு நெனச்சேன். தப்பா இருக்கட்டும்னு நெனச்சேன்.” அவர் தரையைப் பார்த்துத்தான் பேசினார். “நீ அப்பத்தான் சிரிக்க ஆரம்பிச்சிருந்த.”

மதினி அடிப்பாள், அல்லது வெளியே போகச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் பையனை அவர் மடியிலிருந்து தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, மடித்த துணியை எல்லாம் காலால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் முதல் முறை விடை வந்தபோது நானும் அதைத் தவறு என்றே நான்கு முறை நிரூபிக்கப் பார்த்தேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

“அவிய என் பேரையும் விட்டாவளா?” என்று மதினி கேட்டாள்.

“ம்.”

“எப்படிச் சொன்னாவ?”

“பேச்சியம்மை, வயசு இருபத்தாறு. மூணு தடவ.”

“அழுதாவளா?”

“இல்ல மயினி.”

“அழுது முடிச்சிட்டுத்தான் பெயர் விடுவாவ. எனக்குத் தெரியும், அவிய கொணம்.” நெடுநேரம் பையனின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: “போயி கூப்பிடு. அலை எங்க நிக்குன்னு சொல்லு. கப்பல் வருதுன்னு சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. யாரு யாரு இருக்கோம்னு சொல்லுவேல்லா?”

“சொல்லணும். இல்லேன்னா பேய் கூப்பிடுதுன்னு மூடிருவாவ.”

“என் பேர மட்டும் சொல்லாம விட்டுரு.”

“மயினி...”

“ஒரு தடவ எனக்காவ அழுது முடிச்சாச்சு. இப்பம் உசுரோட இருக்கா, வேற வீட்டுல இருக்கா, பிள்ள இருக்குன்னு கேட்டா அவிய மறுபடி எங்கேருந்து ஆரம்பிப்பாவ? இந்தாளோட நான் இருக்கேனா இல்லியான்னு எனக்கே தெரியல, இனிமேத்தான் பாக்கணும். ஆனா அவியளுக்கு நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன். அது ஒண்ணாவது அவியளுக்கு முடிஞ்ச காரியமா இருக்கட்டும்.”

மறுநாள் மாலை ஜெபராணி டீச்சர் ஐந்து நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனாள். போகும்போது அனுப்பியறைச் சாவியை என்னிடம் கொடுத்தாள். “அவிய என்னை உள்ள வச்சி விசாரிக்கதுக்குள்ள நீ பேசி முடிச்சிரு. தப்புக் கணக்குப் போட்ட நான் பேசுனா கேக்கவியளுக்கு நம்பிக்கை வராது.” திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அனுப்பியை உள்திட்டின் பக்கம் திருப்பினேன். பதினோரு ஆண்டுகளாக யாரும் அதைத் தொட்டதில்லை; மெல்லச் சுழன்று நின்றது.

அங்கே யாராவது செவி வைத்திருப்பார்களா? தெரியாது. எங்களில் ஒரு டீச்சர் கழிவைக்கூட விடாமல் பதிந்துவைத்ததுபோல அங்கும் ஒருவர் இருக்கலாம். கேட்டாலும் குரல் அவர்களுக்குப் பேயுடையதாகத்தான் இருக்கும். அதனால் கணக்கிலிருந்து தொடங்கினேன். செத்தவர்கள் அடர்த்தி சொல்ல மாட்டார்கள். சொன்னதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்ல மாட்டார்கள். தொலைவு, கட்டிக்குள் அடர்த்தி, வெளி அடர்த்தி, வேகம். அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது. பதினாறு ஆண்டு பதினோரு மாதம். இந்தச் செய்தி வந்துசேரும் ஏழு மாதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். கப்பல் ஒருமுறைதான் வரமுடியும், நூற்றறுபது பேர். மற்றவர்கள் பனிக்கோளின் மறுபக்கம் ஆழமாகக் குடையுங்கள், இன்றே தொடங்குங்கள். அந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். யார் அந்த நூற்றறுபது பேர் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு எந்த வாய்ப்பாடும் தெரியாது.

பிறகு அவர்கள் விட்ட அறுநூற்று நாற்பது பெயர்களையும் அவர்கள் வாசித்த அதே வரிசையில் வாசித்தேன். பதிவேட்டில் ஒவ்வொன்றையும் முன்பே பார்த்து வைத்திருந்தேன். இருப்பவருக்கு ‘இருக்கார்’ என்றேன். இடையில் இறந்துபோனவருக்கு ‘இல்லை’ என்றேன். எழுபத்தொரு பேருக்கு ‘இல்லை’ என்று சொல்லவேண்டியிருந்தது. பாதி வழியில் கதவு திறந்தது. மதினி உள்ளே வரவில்லை; நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் வீட்டுப் பெயர்கள் வந்தன. அப்பா, இல்லை. சித்தி, இருக்கார்.

“பேச்சியம்மை,” என்றேன்.

இருக்கார் என்று சொல்லக் கூடாது. இல்லை என்பது பொய். என் பட்டியலில் நான் இதுவரை பொய்யாக எதையும் எழுதியதில்லை. பெயரையே வாசிக்காமல் விட்டிருக்க வேண்டும். வாசிக்கிற வேகத்தில் வாய் அதைச் சொல்லிவிட்டது. இது தவறா, நானே வேண்டுமென்று செய்ததா என்று இன்றும் என்னால் பிரிக்க முடியவில்லை. மதினியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒரு மூச்சு நேரம் எதுவும் பேசாமல் இருந்தேன். ஏழு மாதம் கழித்து அந்த மௌனமும், பெருக்கப்பட்டு, அங்கே போய்ச் சேரும். அண்ணன் அதைக் கேட்டால் என்ன என்று எடுத்துக்கொள்வானோ.

அடுத்தது என் பெயர்.

“சுடலி,” என்றேன். “வயசு இருபத்திரண்டு. இருக்கேன்.”